மூன்றாவது பெயர்

க்ருல்யாஸ்கோ, டூரின் அருகே
4 பிப்ரவரி 1962, ஞாயிறு

செரஃபீனாவுக்கு,

வீடு கிடைத்துவிட்டது.

இதை முதலிலேயே எழுதிவிட்டேன். மற்றதைப் படிக்கும்போது கோபம் வந்தால் திரும்ப மேலே போய் இந்த ஒரு வரியை இன்னொரு தடவை படித்துக்கொள்.

டிராம் கடைசியாக நிற்கும் இடத்திலிருந்து இருபது நிமிட நடை. யுத்தம் முடிந்தபிறகு கட்டிய வீடுகள். எல்லாம் மூன்று மாடி, எல்லாம் மஞ்சள் சுண்ணாம்பு, பச்சைச் சன்னல். தெருவில் கோழி இல்லை, கழுதை இல்லை, சண்டை இல்லை. ஞாயிறு மதியம் யார் வீட்டிலாவது கரண்டி கீழே விழுந்தால் அடுத்த தெரு திரும்பிப் பார்க்கும். நமக்கு இரண்டாவது மாடி. ஓர் அறை, ஒரு சமையலறை, வீட்டுக்குள்ளேயே குழாய். நீ குடத்தைத் தூக்கிக்கொண்டு எங்கேயும் போக வேண்டாம்.

இதற்கு முன்னால் முப்பத்தொரு கதவு தட்டினேன். பாதிப் பேர் ‘வாடகைக்கு, தெற்கத்தியருக்கு இல்லை’ என்று பலகையிலேயே எழுதிவிடுகிறார்கள். மீதிப் பேர் நான் வாயைத் திறக்கும்வரை சிரிப்பார்கள். நம் பேச்சு காதில் விழுந்ததும், “அடடா, இப்பத்தான் ஒருத்தர் வந்து எடுத்துக்கிட்டுப் போனாரு” என்பார்கள். எங்களை இங்கே மண்ணாங்கட்டி என்றுதான் கூப்பிடுகிறார்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டால் யாரோ என்று நானே திரும்பிப் பார்க்கிறேன்.

இந்த வீட்டுக்காரி பவுத்தாசோ, விதவை, கீழ்த்தளத்தில் இருக்கிறாள். இங்கே அம்மணியை மதாமா என்றுதான் கூப்பிட வேண்டும். தரையை மெழுகு போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறாள். உள்ளே நுழைந்தால் காலுக்கடியில் இரண்டு கம்பளித் துண்டு கொடுக்கிறாள். அதன்மேல் நின்று வழுக்கிக்கொண்டே போக வேண்டும், நடக்கக் கூடாது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு வழுக்க, அவள் கேள்வி கேட்டாள்.

“குளிக்கிற தொட்டியில தக்காளி நடுவீங்களா?”

“இல்லீங்க மதாமா.”

“மிளகா வறுப்பீங்களா?”

“இல்லீங்க.”

“ஆட்டம் பாட்டம், சொந்தக்காரங்க கூட்டம்?”

“இல்லீங்க.”

“புள்ளைங்க?”

“இல்லீங்க.”

இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்த வேகத்தில் அதற்கும் இல்லை என்று வந்துவிட்டது செரஃபீனா. சத்தியமாகத் திட்டம் போட்டுச் சொல்லவில்லை. ஆனால் அவள் முகம் மலர்ந்துவிட்டது. உடனே சாவியைக் காட்டினாள். அதற்குப் பிறகு எப்படி மாற்றிச் சொல்வது?

மார்ச் பதினைந்திலிருந்து வீடு நமக்கு. குட்டி நுன்சியா கோடைவரை என் அக்கா ஜெரார்தாவிடம் இருக்கட்டும். அதற்குள் மதாமாவை நான் பழக்கிவிடுகிறேன். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்யலாம் என்கிறார்கள், நான் ஒரே ஒரு பொய்யில் ஒரு வீடு பிடித்திருக்கிறேன்.

நாம் முறையாகக் கல்யாணம் ஆனவர்கள்தானா என்று அவள் பார்க்க வேண்டுமாம். கோயிலில் கல்யாணச் சான்றிதழ் வாங்கி நேராக அவள் விலாசத்துக்கே அனுப்பு. நான் இருக்கும் விடுதியில் ஒரு கட்டிலுக்கு மூன்று பேர், முறை வைத்துத் தூங்குகிறோம். தபால் பாதி தொலைந்துபோகிறது.

கானியோ


ரோக்காவெர்னா
10 பிப்ரவரி 1962

கானியோ,

நீ சொன்னபடி முதல் வரியைத் திரும்பப் படித்தேன். மூன்று தடவை. கோபம் போகவில்லை.

உன் கடிதத்தை அடுப்படியில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன். நுன்சியா மடியில் இருந்தாள். அப்பா வீடு பிடித்துவிட்டார் என்றதும் கை தட்டினாள். தக்காளி, மிளகாய்வரை சிரித்துக்கொண்டே படித்தேன். ‘புள்ளைங்க’ என்ற வரியில் நிறுத்திவிட்டேன். “மேல படிம்மா, மேல படி” என்று கையை இழுத்தாள். மேலே என்னத்தைப் படிப்பது?

முதல் பெண்ணுக்கு அப்பாவைப் பெற்றவள் பெயர். அதுதான் நம் வழக்கம். உன் அம்மா இறந்த அதே வருஷம் இவள் பிறந்தாள். போன பெயரைத் தூக்கி நிறுத்திவிட்டான் கானியோ என்று ஊரே நம் வாசலில் ஒயின் குடித்தது. அந்தப் பெயர் உள்ளவள் எங்கள் வீட்டில் இல்லை என்று நீ ஒரு வேற்று மனுஷியிடம் சொல்லியிருக்கிறாய். உயிரோடு இருக்கும் பிள்ளையை வாயால் இல்லை என்று சொல்லலாமா? அதைக் கேட்டுக்கொண்டு நிற்பது மதாமா ஒருத்திதான் என்று நினைத்தாயா?

எனக்குப் பயமாக இருக்கிறது. நீ சிரிப்பாய். சிரி.

ஜெரார்தாவைப் பற்றி எனக்குச் சொல்லாதே. போன அறுவடைக்கு நான்கு நாள் விட்டுவிட்டுப் போனேன். சோப்பு மிச்சமாகும் என்று பிள்ளையின் தலையை மொட்டை அடித்துவிட்டாள் உன் அக்கா. அவளிடம் கோடைவரை விட்டால் ஆட்டோடு ஆடாக மேய அனுப்புவாள்.

பதினாறு மாதமாக நீ அங்கே, நாங்கள் இங்கே. எனக்கும் வீடு வேண்டும். குழாயை நினைத்து எனக்கும் தூக்கம் வரவில்லை. ஆனால் அந்தக் குழாயில் யாருக்கு முகம் கழுவிவிடுவது என்று சொல்.

செரஃபீனா


க்ருல்யாஸ்கோ
15 பிப்ரவரி 1962

செரஃபீனா,

கோபம் நியாயம்தான். ஆனால் நீ இங்கே வந்து ஒரு நாள் நின்று பார். அப்புறம் பேசு.

பின் தெருவில் நம்மைப்போலத் தெற்கிலிருந்து வந்த பூலியாக்காரன் ஒருத்தன் குடும்பத்தோடு இருந்தான். அவனும் பிள்ளை இல்லை என்று சொல்லித்தான் வீடு எடுத்தான். வீட்டுக்காரன் மாடி ஏறும் சத்தம் கேட்டால் பையனைத் துணி அலமாரிக்குள் உட்காரவைத்துவிடுவார்கள். பையனும் பழகிக்கொண்டான். போன வாரம் சளி பிடித்து அலமாரிக்குள் இருமிவிட்டான். அன்றைக்குச் சாயந்திரமே கட்டில், பாத்திரம் எல்லாம் தெருவில். பூலியாக்காரன் மழையில் நின்றுகொண்டு, “ஒரு இருமல்ல போச்சுய்யா, ஒரே ஒரு இருமல்ல” என்று போகிற வருகிறவனிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். நான் கட்டிலை ஒரு பக்கம் பிடித்தேன். 

இன்னொரு தொல்லை. மதாமாவுக்கு நம்மேல் இரக்கம் வந்துவிட்டது. போய்வரும்போதெல்லாம் கூப்பிட்டுச் சூப் கொடுக்கிறாள். நேற்று, “கல்யாணமாகி அஞ்சு வருசமாச்சா? இன்னும் ஒண்ணுமில்லையா? கவலப்படாதீங்க, எனக்குத் தெரிஞ்ச டாக்டர் இருக்காரு” என்று விலாசம் எழுதிக் கொடுத்தாள். நாளையிலிருந்து உனக்காக ஒன்பது நாள் ஜெபமாம். “பொறந்தா வீடு உண்டா மதாமா?” என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன்.

“இங்க பொறக்கிற புள்ள சத்தம் போடாம வளரும். தெக்கேருந்து வர்றதுதான் படியில உருளும்” என்றாள்.

சூப்பை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

ஒரு யோசனை. நுன்சியாவைக் கூட்டிக்கொண்டே வா. உன் அண்ணன் மகள், கொஞ்ச நாள் தங்க வந்திருக்கிறாள் என்று சொல்லிக்கொள்ளலாம். உன்னை அத்தை என்றும் என்னை மாமா என்றும் கூப்பிடட்டும். கெட்டிக்காரப் பிள்ளை, விளையாட்டுப்போலச் சொல்லிக்கொடுத்தால் பிடித்துக்கொள்வாள். வெளியே மட்டும்தான். கதவைச் சாத்திவிட்டால் நாம் நாம்தான்.

சான்றிதழ் இன்னும் வரவில்லை என்று தினமும் கேட்கிறாள்.

கானியோ


ரோக்காவெர்னா
22 பிப்ரவரி 1962

கானியோ,

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறாய். அதுவும் ஓடுகிற பூசணிக்காய், கேள்வி கேட்கிற பூசணிக்காய். இருந்தாலும் நீ சொன்னதைச் செய்து பார்த்தேன். பூலியாக்காரன் கதையைப் படித்துவிட்டு எனக்கும் பயம் வந்துவிட்டது, அதனால்தான்.

திங்கட்கிழமை காலையில் சொல்லிக்கொடுத்தேன். “இன்னைக்கு நான் அத்தை, சரியா? அம்மான்னு கூப்பிட்டா நீ தோத்துட்ட.” சிரித்தாள். நாள் முழுக்க ஒரு தடவைகூடத் தோற்கவில்லை. செவ்வாய்க்கிழமை ஊர்ப் பொது அடுப்பில் ரொட்டி சுடப் போனேன். பத்துப் பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். யாரோ, “உங்கம்மா எங்கடி?” என்று சும்மா கேட்டார்கள். “எனக்கு அம்மா இல்ல. அத்தைதான் இருக்காங்க” என்றாள், கணீரென்று. பத்துப் பேரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். ரொட்டியை அங்கேயே விட்டுவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

விளையாட்டு முடிந்தது என்று சொல்லிவிட்டேன். அவள் நம்பவில்லை. இப்போது ஒவ்வொரு தடவையும் என்னைக் கூப்பிடும்முன் முகத்தைப் பார்க்கிறாள். “இப்ப நீ யாரு?” என்று கேட்டுவிட்டுத்தான் கூப்பிடுகிறாள். நேற்று, “அப்பாவும் மாமாவாயிட்டாரா?” என்றாள். நான் என்ன பதில் சொன்னேன் என்று உனக்கு எழுத மாட்டேன்.

மதாமா பிள்ளை வேண்டி ஜெபம் செய்கிறாளாம், பிள்ளை இருந்தால் வீடு இல்லையாம். நல்ல பக்தி.

அவளுக்குச் சான்றிதழ் அனுப்பிவிட்டேன். கோயிலுக்குப் போகவில்லை. ஊராட்சி அலுவலகத்தில் குடும்பச் சான்றிதழ் வாங்கினேன். அதில் மூன்று பெயர் இருக்கிறது. அவள் கேட்பாள். நீ பதில் சொல்.

செரஃபீனா


க்ருல்யாஸ்கோ
28 பிப்ரவரி 1962, புதன்

செரஃபீனா,

இந்தக் கடிதத்தை நான்கு தடவை கிழித்துவிட்டு எழுதுகிறேன்.

நேற்று மதாமா கூப்பிட்டாள். மேசைமேல் உன் சான்றிதழ் விரித்திருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலை வைத்து ஒவ்வொரு பெயராகப் படித்தாள். கானியோ. செரஃபீனா. அப்புறம் விரல் நின்றது.

“இந்த மூணாவது பேரு யாரு?”

நான் சொல்லத்தான் போனேன். என் மகள் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்போது பூலியாக்காரனின் கட்டில் கண்ணுக்கு முன்னால் வந்தது. மழை, அலமாரி, எல்லாம். வாய் தானாகத் திறந்தது.

“செத்துப்போச்சுங்க மதாமா.”

நான்தான் சொன்னேன். என் குரல்தான். போன மாதம், காய்ச்சலில், ஊராட்சியில் இன்னும் பெயரை அடிக்கவில்லை என்று அடுத்தடுத்து வந்துகொண்டே இருந்தது. என்னால் நிறுத்த முடியவில்லை.

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அழுதாள் செரஃபீனா. என் தலையைப் பிடித்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு அழுதாள். “அதான் இல்லன்னு சொன்னீங்களா? அய்யோ, அதையா நான் கேட்டேன்?” என்றாள். ஒரே நாளில் தெருவுக்கே தெரிந்துவிட்டது. ஒரு வருஷமாக எனக்குத் தலையசைக்காத ரொட்டிக்கடைக்காரன் தொப்பியைக் கழற்றி என் கையைப் பிடித்துக்கொண்டான். எதிர்வீட்டுக் கிழவர் ஒயின் கொண்டுவந்து வைத்தார். மண்ணாங்கட்டி மனிதனாகிவிட்டான். அதற்குப் பிள்ளை சாக வேண்டியிருந்தது.

இதையும் சொல்லிவிடுகிறேன், மறைத்தால் இன்னும் பாவம். மார்ச் பதினொன்று ஞாயிற்றுக்கிழமை இங்கே கோயிலில் நுன்சியாவின் ஆன்மாவுக்காகப் பூசைக்கு மதாமா சொல்லிவிட்டாள். பெயர் சொல்லி வாசிப்பார்களாம்.

எனக்குத் தூக்கம் இல்லை. என்ன செய்வது என்று நீ சொல். என்ன சொன்னாலும் செய்கிறேன்.

கானியோ


ரோக்காவெர்னா
5 மார்ச் 1962
விரைவுத் தபால்

நேற்று என்று எழுதியிருக்கிறாய், அது செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமை மத்தியானம்தான் அவளுக்குக் காய்ச்சல் ஆரம்பித்தது. தட்டம்மை என்கிறார் டாக்டர், ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு இருக்கிறதாம். அவர் படித்தவர், அவருக்கு அப்படித்தான் தெரியும். பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுத் தட்டில் தண்ணீர் ஊற்றி எண்ணெய்ச் சொட்டு விட்டுப் பார்த்தோம். சொட்டு மூன்று தடவையும் உடைந்து பரவியது. கண்ணேறு, அதுவும் சொந்தக் கண் என்றாள்.

உயிரோடு இருக்கும் பிள்ளைக்குச் சாவுப் பூசை. பெயர் சொல்லி. பலிபீடத்துக்கு முன்னால்.

என்ன செய்வது என்று கேட்கிறாய். போய் நிறுத்து. வீடு போனால் போகட்டும், வேலை போனால் போகட்டும், அந்தத் தெரு முழுக்க உன்னைக் காறித் துப்பட்டும். அந்தப் பூசை நடந்தால் நீ ஊருக்கு வந்தாலும் நான் வாசல் திறக்க மாட்டேன். இது மிரட்டல் இல்லை. திறக்க எனக்குக் கை வராது.

இதை எழுதும்போது தூங்குகிறாள். உடம்பு கொதிக்கிறது. நடுவில் கண்ணைத் திறந்து, “நீ யாரு?” என்று கேட்டாள். காய்ச்சலில் கேட்கிறாளா, விளையாட்டில் கேட்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

செரஃபீனா


க்ருல்யாஸ்கோ
11 மார்ச் 1962, ஞாயிறு மதியம்

செரஃபீனா,

நுன்சியாவுக்குப் பூசை நடக்கவில்லை. இதுதான் முதல் வரி.

உன் கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. உடனே மதாமாவிடம் ஓடினேன். அவள் வாளியில் வெள்ளைப் பூக்கள் வாங்கி வைத்திருந்தாள். கறுப்பு உடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். “வாங்க, சாப்பிட்டீங்களா?” என்றாள். சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அதுவும் பொய். நான் எவ்வளவு கோழை என்று எனக்கே நேற்றுத்தான் முழுசாகத் தெரிந்தது.

இன்று காலை என்னை முதல் வரிசையில் உட்காரவைத்தார்கள். மகனை இழந்தவனுக்கும் மகளை இழந்தவனுக்கும் அங்கேதான் இடம். மதாமா பக்கத்தில். பின்னால் தெருவே இருந்தது. சாமியார் ஒரு சீட்டைக் கையில் எடுத்து, “நான்கு வயதில் ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்த சிறுமி...” என்று ஆரம்பித்தார்.

அவர் பெயரைச் சொல்லிவிட்டால் அவ்வளவுதான் என்று தோன்றியது. எழுந்துவிட்டேன்.

“சாமி, நிறுத்துங்க. பேரச் சொல்லாதீங்க.”

சாமியார் நிமிர்ந்து பார்த்தார்.

“எம் பொண்ணு சாகல சாமி. ஊர்ல அவ அம்மாகிட்ட இருக்கா, காய்ச்சலாக் கெடக்கா. வீடு கெடைக்கணும்னு நான்தான் அவள வாயால கொன்னுட்டேன்.”

 அதற்குமேல் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. சாமியார் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “அப்ப இன்னைக்குப் பூசை யாருக்கு?” என்றார், யாரைக் கேட்பது என்று தெரியாமல்.

பின்னாலிருந்து ஒரு கிழவி, “அந்த ஆளுக்கே வையுங்க சாமி, அவனுக்குத்தான் தேவ” என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

வெளியே வந்து படியில் நின்றேன். வழக்கமான ஞாயிறு பூசை முடிந்து எல்லாரும் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள், தேங்கிய தண்ணீரைச் சுற்றிப் போவதுபோல. ரொட்டிக்கடைக்காரன் தொப்பியைக் கழற்றவில்லை. மதாமா கடைசியாக வந்தாள். பூக்கள் கையிலேயே இருந்தன.

“ஒம்போது நாள் ஜெபம் பண்ணேன். அப்புறம் அழுதேன். எம் புருசன் போனப்பகூட நான் அப்படி அழல. ரெண்டையும் திருப்பிக் குடுப்பீங்களா?”

“முடியாது மதாமா.”

“புள்ள இருக்குன்னு சொல்லியிருந்தா வீடு இல்லன்னு சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேன், ஒத்துக்கறேன். அதோட போயிருக்கும்.” பூக்களை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். “சாவி கெடையாது.”

“சரிங்க.”

நான்கு படி இறங்கிவிட்டுத் திரும்பினாள். “இப்ப எப்படி இருக்கா?”

“தெரியல மதாமா. கடுதாசி வரல.”

தலையசைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அவ்வளவுதான். வீடு இல்லை, இந்த ஊரில் இனி யாரும் தரவும் மாட்டார்கள். நீ இப்போது வர வேண்டாம், வேறு பக்கம் தேடுகிறேன். நுன்சியா எப்படி இருக்கிறாள் என்று மட்டும் உடனே எழுது. திட்டி எழுதினாலும் பரவாயில்லை. எழுது.

கானியோ


ரோக்காவெர்னா
16 மார்ச் 1962

கானியோ,

காய்ச்சல் போன வெள்ளிக்கிழமையே இறங்கிவிட்டது. அதாவது நீ கோயிலில் எழுந்து நிற்பதற்கு இரண்டு நாள் முன்பே. டாக்டர் சொன்னது சரி என்று வைத்துக்கொள். எனக்கும் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. தடிப்புகள் காய்ந்துவிட்டன. இன்று இரண்டு துண்டு ரொட்டியும் ஒரு முட்டையும் சாப்பிட்டாள்.

உன் கடிதத்தைச் சத்தமாகத்தான் படித்தேன், முழுவதும், எதையும் விடாமல். “அப்பா கோயில்ல கத்தினாரா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். “என் பேரச் சொன்னாரா?” என்றாள். சொல்லவிடாமல் தடுத்தார் என்றேன். அது அவளுக்குப் புரியவில்லை. புரிய வேண்டாம்.

நானும் ஒன்று ஒத்துக்கொள்ள வேண்டும். கல்யாணச் சான்றிதழ் என்று நீ எழுதியிருந்தாய். நான் வேண்டுமென்றேதான் மூன்று பெயர் உள்ளதை அனுப்பினேன். உனக்கு ஒரு வார்த்தை முன்னாலேயே எழுதாமல், அது உன்னை மாட்டிவிடட்டும் என்று. உண்மையைச் சொல்லிவிடுவாய் என்று நினைத்தேன். உன்னைச் சுவரோரம் தள்ளிவிட்டு ஏன் சுவரில் முட்டினாய் என்று கேட்டேன். அந்தப் பாதி என்னுடையது.

வர வேண்டாம் என்கிறாய். வருகிறோம். கட்டிலை விற்றுவிட்டேன், டிக்கெட் எடுத்துவிட்டேன். வியாழக்கிழமை காலை ரயில். எங்கே தூங்குவது என்று கேட்காதே. உன் விடுதிக்காரனிடம் மூவருக்கு ஒரு மூலை கேள், கொடுக்காவிட்டால் ஸ்டேஷனில் உட்காருவோம். பதினாறு மாதம் நீ ஒருத்தனாகவே கதவு கதவாக நின்றாய், பயந்தாய், பயத்தில் என்னென்னவோ சொன்னாய். தனியாக நிற்கிறவன் அப்படித்தான் சொல்வான். இனி மூன்று பேரும் சேர்ந்தே போவோம்.

நுன்சியாவிடம் சொல்லிவிட்டேன். கதவைத் தட்டப்போவது அவள்தான். பிள்ளைகளுக்கு வீடு இல்லை என்கிறவர்கள் குனிந்து அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்.

செரஃபீனா